டெண்டருக்கு எழுதுதலும் யோசனைப் பத்திரம் தயாரித்தலும்
(இராமநாதபுரம் ஜில்லா விவசாயிகளுக்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும்)

நமது ஜில்லாக் குடியானவர்களுக்கு நிலத்தை எப்போது உழுவது, எந்தப் பக்குவத்தில் விதைப்பது என்பன பற்றிப் பிறர் கற்பிக்க வேண்டியது மிகச் சொற்பமே. வருஷத்தில் சராசரி 827 மில்லிமீட்டர் மழையை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போவதை, கண்மாயில் தேக்கிக்கொண்டு வெள்ளாமை செய்பவர்கள் அவர்கள். எனினும், விளைந்த பொருளைப் பெருந்தொகையாக வாங்கும் ஒரு ஸ்தாபனம் ‘இன்ன தரத்தில் இத்தனை டன் தேவை, விலைப்புள்ளி அனுப்புக’ என்று விளம்பரம் செய்தால், அதற்கு விடை எழுதும் விஷயத்தில் முப்பது நாற்பது வருஷ அனுபவமுள்ள மிராசுதார்களும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். இத்தயக்கத்தினால் விளைவது யாதெனில், அதே விளம்பரத்தை வேறோர் ஊரிலிருக்கும் வியாபாரி படித்து, விலை எழுதி, டெண்டரைப் பெற்று, பின்னர் பரமக்குடிச் சந்தையில் நமது களத்து மிளகாயையே வாங்கி, சாக்கு மாற்றி அனுப்புகிறார். விளைவித்தவனுக்குக் கிடைப்பது சந்தை விலை. எழுதத் தெரிந்தவருக்குக் கிடைப்பது மேல்லாபம்.

இராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. முதுகுளத்தூர், கமுதி, கடலாடி, திருவாடானை, நயினார்கோவில் பகுதிகளில் விளையும், உருண்டு தடித்த தோலும் மினுமினுப்பான கருஞ்சிவப்பு நிறமும் கொண்ட இம்மிளகாய்க்கு இக்குறியீட்டினால் வெளியிடங்களில் பெயர் உண்டாயிற்று. பெயர் உண்டான பொருளைக் கேட்டு எழுதுகிறவர்கள் வருவார்கள். வருகிறவர்களுக்குப் பதில் எழுதத் தெரிந்திருக்க வேண்டுமென்பதே இக்கட்டுரையின் காரணம். கண்மாய் மராமத்து, கண்மாய்க்குள் வளர்ந்த சீமைக் கருவேல மரங்களின் ஏலம் ஆகியவற்றிலும் இதே வித்தை தேவைப்படுதலால் அவற்றையும் சேர்த்துக் கூறுவோம்.

விலைப்புள்ளி வேறு, யோசனைப் பத்திரம் வேறு

முதலாவது அறிய வேண்டிய பேதம் இது. வாங்குகிறவர் தமக்கு வேண்டிய பொருளையும், தரத்தையும், அளவையும் தாமே நிச்சயித்துக்கொண்டு விலையை மாத்திரம் கேட்பாரானால், அது டெண்டர் அல்லது விலைப்புள்ளி எனப்படும். அங்கே நமது சாமர்த்தியத்தைக் காட்ட இடமில்லை. கேட்டதைக் கேட்டபடி தர இயலுமா, என்ன விலைக்கு என்பதே விடை. மாறாக, ‘எமக்கு இன்ன காரியம் ஆக வேண்டும், வழியை நீர் சொல்லும்’ என்று கேட்பதும், நாமாகவே ஒரு பாங்கியிடமோ இலாகாவிடமோ சென்று ‘இன்ன காரியம் செய்ய உத்தேசம், இவ்வளவு பணம் தேவை’ என்று சொல்வதும் யோசனைப் பத்திரத்திற்கு உரியவை.

பாம்பன் கால்வாயை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். மேலே ரயில் போக வேண்டும், கீழே கப்பலும் போக வேண்டும் என்பது தேவை. இத்தேவைக்கு 1914ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 24ந் தேதி திறக்கப்பட்ட பழைய பாலத்தில், இரு கதவுகள் உருண்டு மேலெழும் ஷெர்சர் முறை விடையாயிற்று. அதே தேவைக்கு, 2025ஆம் வருஷம் ஏப்ரல் 6ந் தேதி திறக்கப்பட்ட புதிய பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள பாகம் முழுதும் கிடையாகவே செங்குத்தாக உயரும் முறை விடையாயிற்று. கேள்வி ஒன்று, விடை இரண்டு. இவ்வாறு வழியை நாமே சொல்லவேண்டிய இடத்தில் வெறும் விலையை எழுதுவதும், விலை மாத்திரம் கேட்ட இடத்தில் நான்கு பக்கம் பிரசங்கம் எழுதுவதும் ஒருங்கே வீண்.

விளம்பரத்தைப் படித்தல்

தமிழ்நாட்டில் சர்க்கார் இலாகாக்களும் சர்க்கார் ஸ்தாபனங்களும் டெண்டர் கோருவதை 1998ஆம் வருஷத்திய ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும், அதன்கீழ் 2000ஆம் வருஷத்தில் ஏற்பட்ட விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. விலைப்புள்ளி அனுப்புவதற்கு இரண்டு கோடி ரூபாய் வரையிலான காரியங்களுக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டவற்றிற்கு 30 நாளும் அவகாசம் தரப்பட வேண்டும். இக்கெடுவைக் குறைப்பதானால் மேலதிகாரி காரணம் எழுதியே குறைக்கலாம். பதினைந்து நாள் என்பது கேட்பதற்கு அதிகமாகத் தோன்றினும், டேவணித்தொகைக்கு பாங்கி வரைவோலை எடுத்தல், வரி எண் சான்றிதழ் தேடுதல், சங்கத்தின் தீர்மான நகல் பெறுதல் ஆகியவற்றில் பத்து நாள் கழிந்துவிடும். இக்காலத்தில் பெரும்பாலான டெண்டர்கள் கணினி வழியாகவே பெறப்படுவதால், மின்னணுக் கையொப்பச் சாதனத்தை முன்கூட்டியே வாங்கி வைத்திராதவர்கள் கெடுவுக்கு முந்தின நாள் டவுனுக்கு ஓடிப் பயனில்லை.

விளம்பரம் கையில் வந்தவுடன் விலை என்ன போடலாமென்று யோசிப்பது பலருக்கும் வழக்கம். அவ்வாறு செய்யலாகாது. ஷரத்துக்களை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை படித்து, ‘வேண்டும்’, ‘தவறினால்’, ‘தள்ளுபடி’ என்ற சொற்கள் வரும் இடங்களிலெல்லாம் பென்சிலால் கோடிட வேண்டும். ‘தவறினால்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதில்தான் நமது பணம் இருக்கிறது. பொருளை எங்கே இறக்க வேண்டும், இறக்குகூலி யாருடையது, எடை எந்தத் தராசில், மாதிரி எடுப்பவர் யார், தாமதத்திற்கு அபராதம் என்ன, பணம் எத்தனை நாளில் என்பவற்றைத் தனியே ஒரு தாளில் எழுதிக்கொள்க. புரியாத ஷரத்து இருப்பின் கெடுவுக்குள் எழுத்து மூலம் விளக்கம் கேட்கலாம். டெலிபோனில் சொன்ன சொல் பின்னால் சாட்சிக்கு வாராது.

மிளகாய்க் கணக்கு

இங்கேதான் நம்மவர்கள் அதிகம் நஷ்டமடைகிறார்கள். ஆகையால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ஓர் உற்பத்தியாளர் கம்பெனி 20 டன் குண்டு மிளகாய் வற்றலுக்கு விலை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நமது தேசத்து உணவுத் தர விதிகளின்படி முழு வற்றலில் ஈரப்பதம் 11 சதவீதத்திற்கு மேற்படலாகாது. களத்தில் காய்ந்து அங்கத்தினர் கொண்டுவரும் வற்றல், கையால் பிடித்தால் சலசலவென்று ஒலித்தாலும், கடற்காற்று வீசும் நமது பக்கத்தில் பலசமயம் 14 சதவீத ஈரம் கொண்டிருக்கக்கூடும். 14 சதவீத ஈரமுள்ள 100 கிலோவில் உலர்பொருள் 86 கிலோ. அதையே 11 சதவீதத்திற்குக் காய வைத்தால் எடை 96.6 கிலோவாகக் குறையும். எனவே 20,000 கிலோ ஒப்படைக்க, 20,698 கிலோ வாங்க வேண்டும். அதோடு முடியவில்லை. காம்பு, உடைசல், வெளுத்த சோடை வற்றல் ஆகியவற்றைப் பொறுக்கி நீக்குவதில் நூற்றுக்கு நான்கு போகுமாயின், வாங்க வேண்டியது 21,560 கிலோ ஆகிறது.

கிலோ 150 ரூபாய் என்று உத்தேசமாக ஒரு விலை வைத்துப் பார்ப்போம். (சந்தை விலை வாரத்துக்கு வாரம் மாறும், இது கணக்குக்கு மாத்திரம்.) 20,000 கிலோவுக்கு 30,00,000 ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டு, அதன்மேல் நூற்றுக்கு ஐந்து, அதாவது 1,50,000 ரூபாய் லாபம் வைத்து எழுதியவர், உண்மையில் கொள்முதலுக்குக் கொடுக்க வேண்டியது 32,34,000 ரூபாய். லாபம் போனதோடு 84,000 ரூபாய் கைப்பொருளும் போயிற்று. இன்னும் சாக்கு வாங்கவில்லை, லாரி பிடிக்கவில்லை. 25 கிலோ சாக்கு என்று ஷரத்து இருந்தால் 800 சாக்கும், தைக்க நூலும், முத்திரை அச்சும் வேண்டும். பணம் 60 நாளில் கிடைக்குமென்றால், அத்தொகைக்கு நூற்றுக்கு 12 வட்டி வீதம் சுமார் 63,800 ரூபாய் வட்டி ஓடும். அங்கத்தினர்களுக்கு உடனே பணம் பட்டுவாடா செய்யும் கம்பெனிக்கு இவ்வட்டி தப்பாது. வட்டியை விலையில் சேர்க்காதவர்கள் தம் சொந்தப் பணத்தில் வாங்குபவருக்குக் கடன் கொடுத்தவர்களாகிறார்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் வியாபாரி கேட்பாராயின் ஈரத்தோடு வேறொரு விஷயமும் உண்டு. காளான் பூஞ்சையினால் உண்டாகும் அப்ளடாக்ஸின் என்னும் நஞ்சு, ஐரோப்பிய யூனியன் விதிப்படி வற்றலில் கிலோவுக்கு மொத்தம் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது. இப்பரிசோதனைக்கான செலவு யாருடையது என்று விலை எழுதுமுன் கேட்டுத் தெளிய வேண்டும். மண்தரையில் உலர்த்திய வற்றலை வைத்துக்கொண்டு இவ்வகை டெண்டருக்கு எழுதாதிருப்பதே நலம். தார்ப்பாயோ சிமெண்டுக் களமோ இல்லாமல் அங்கே கால் வைக்கக்கூடாதென்பது நமது அபிப்பிராயம். எட்டிவயலில் உள்ள மிளகாய் வணிக வளாகத்தில் குளிர்பதனக் கிடங்கு இருப்பது இவ்விஷயத்தில் நமது ஜில்லாவுக்கு ஒரு சௌகரியம். கிடங்கு வாடகையையும் விலையில் சேர்த்துக்கொள்க.

கடிதம்

விலைப்பட்டியலோடு இணைக்கும் கடிதம் சுருக்கமாயிருக்க வேண்டும். ‘தங்கள் மேலான சமூகத்திற்கு’ என்று தொடங்கி அரைப்பக்கம் வணக்கம் எழுதுவது பழைய மனுக்களின் பழக்கம். விலை கேட்டவருக்கு அதனால் பிரயோஜனமில்லை. கீழ்க்கண்டவாறு எழுதினால் போதுமானது:

“தங்கள் விளம்பர எண், தேதி பார்வையில் கொள்ளப்பட்டது. அதில் கண்ட ஷரத்துக்கள் அனைத்தையும் படித்து ஒப்புக்கொண்டு, குண்டு மிளகாய் வற்றல் 20 டன், ஈரப்பதம் 11 சதவீதத்திற்கு மேற்படாமல், 25 கிலோ சாக்குகளில், தங்கள் கிடங்கில் இறக்கிக் கொடுக்க, வரி நீங்கலாகக் கிலோ ஒன்றுக்கு எண்ணாலும் எழுத்தாலும் இணைப்பில் கண்ட விலைக்குச் சம்மதிக்கிறோம். இவ்விலை திறந்த தேதியிலிருந்து 60 நாள் வரை செல்லும். எங்கள் அங்கத்தினர் இத்தனை பேர், மிளகாய்ச் சாகுபடி இத்தனை ஏக்கர். சென்ற பருவத்தில் இன்ன இடத்திற்கு இத்தனை டன் ஒப்படைத்த சான்று இணைக்கப்பட்டுள்ளது.”

வரி உட்படவா நீங்கலாகவா என்பதை எழுத மறந்தவர்கள், வரியையும் தம் கையிலிருந்து கட்ட நேரிட்டதுண்டு. எண்ணில் ஒன்றும் எழுத்தில் ஒன்றுமாக விலை காணப்பட்டால் வழக்கு உண்டாகும். ஷரத்தை ஒப்புக்கொண்டதாக எழுதிவிட்டு, அடியில் ‘லாரி வாடகை தனி’ என்று ஒரு ஷரா சேர்ப்பது எல்லாவற்றிலும் கெடுதியானது; அந்த ஒரு வரிக்காக முழு டெண்டரும் தள்ளப்படலாம். இரண்டு உறை முறையில் தகுதிப் பத்திரங்கள் ஓர் உறையிலும் விலை மற்றோர் உறையிலும் இருக்க வேண்டும். விலைத்தாளைத் தவறுதலாக முதல் உறையில் வைத்துவிட்ட ஒரு குழுவினரோடு நானும் திறப்பு தினத்தன்று உட்கார்ந்திருந்தேன். விலை நியாயமானதுதான்; ஆயினும் அன்று பகலுணவுக்கு முன்பே திரும்பினோம். வரும் வழியில் ஒருவரும் பேசவில்லை.

கண்மாய் மராமத்து

நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர்பெற்ற இராஜசிங்கமங்கலம் கண்மாய் முதல் பத்து ஏக்கர் பாயும் சிறு கண்மாய் வரை, கரையைப் பேணுவது குடிகளின் கடமையாகக் கொள்ளப்பட்டிருந்தது. 1858ஆம் வருஷத்திய கட்டாய உழைப்புச் சட்டம் இவ்வழக்கத்தையே சட்டமாக்கிற்று. 2017ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் குடிமராமத்துத் திட்டம் நூறு கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் மீண்டும் தொடங்கப்பட்டபோது, செலவில் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ பாசனதாரர் தருவதென்றும், வேலையைப் பாசனதாரர் சங்கமே செய்வதென்றும் ஏற்பாடாயிற்று. நல்ல ஏற்பாடே. ஆயினும், மதிப்பீட்டைப் படிக்கத் தெரியாத சங்கங்களில் பெயர் சங்கத்தினுடையதாகவும் வேலை வேறொருவர் கையிலுமாக இருந்தது என்று விவசாயிகளே குறை கூறியதுண்டு. மதிப்பீடு நம் கையில் இருந்து, அதைப் படிக்கவும் தெரிந்திருந்தால் இக்குறைக்கு இடமிராது.

படிப்பதும் கடினமன்று. 200 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், சராசரி 0.6 மீட்டர் ஆழம் வண்டல் எடுக்க வேண்டுமென்றால் 6,000 கன மீட்டர். டிராக்டர் டிப்பர் நடைக்கு 3 கன மீட்டர் என்று வைத்து 2,000 நடை என்று எழுதுவார்கள். வெட்டிய மண் பொங்கும் என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். நமது கரிசலும் களியும் வெட்டி எடுத்தால் நூற்றுக்கு 20 முதல் 30 வரை பருமன் கூடும். 25 என்று கொண்டால் 7,500 கன மீட்டர், 2,500 நடை ஆகிறது. ஐந்நூறு நடையின் டீசலும் டிரைவர் கூலியும் யார் கொடுப்பது? அளவு எடுப்பது குழியிலா, வண்டியிலா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொண்டு அதற்கேற்ப விகிதம் எழுத வேண்டும். மதிப்பீட்டுக்கு முன்னும் வேலைக்குப் பின்னும் ஆழம் அளந்த புள்ளிகளைக் கிராம நிர்வாக அலுவலரும் சங்கத்தாரும் சேர்ந்து குறித்து வைப்பது பின்வரும் தகராறுகளைத் தவிர்க்கும். மடை, கலிங்கு வேலைகளுக்கு அட்டவணையில் கண்ட அயிட்டங்களே போதுமானவை.

சீமைக் கருவேல ஏலத்தில் கணக்கு தலைகீழ். அங்கே சர்க்காருக்கோ ஊராட்சிக்கோ நாம் பணம் கொடுக்கிறோம். அதிக விலை எழுதியவருக்கே கிடைக்கும். ஏக்கருக்கு எத்தனை டன் விறகு தேறும் என்பதை, கண்மாயின் கரையோரத்தில் மாத்திரமன்றி நடுவிலும் சென்று பார்த்தே நிச்சயிக்க வேண்டும். கரையோர மரம் பருத்திருக்கும். நடுவில் புதராக இருக்கும். வேரோடு அகற்றவேண்டும் என்ற ஷரத்து இருக்குமானால், மரத்தின் விலையைக் காட்டிலும் வேர் தோண்டும் இயந்திர வாடகையே தொகையை நிர்ணயிக்கும். இதைக் கவனியாமல் உயர்ந்த விலை எழுதி, மரத்தை மேலாக வெட்டி எடுத்துவிட்டு வேரை விட்டுச் சென்றவர்களுக்கு வைப்புத்தொகை திரும்பாது; அடுத்த மழைக்குக் கண்மாயும் பழையபடி காடாகும்.

யோசனைப் பத்திரம்

விவசாய உற்பத்தியாளர் ஸ்தாபனங்களுக்காக 2020ஆம் வருஷம் பிப்ரவரியில் தொடங்கப்பட்ட மத்திய சர்க்கார் திட்டத்தில், சமவெளிப் பிரதேசத்தில் குறைந்தது 300 அங்கத்தினர் வேண்டுமென்றும், நிர்வாகச் செலவுக்கு மூன்று வருஷத்தில் 18 லட்சம் ரூபாய் வரையிலும், அங்கத்தினர் பங்குத்தொகைக்கு ஈடாகத் தலைக்கு 2,000 ரூபாய்க்கு மேற்படாமல் மொத்தம் 15 லட்சம் வரையிலும் உதவி என்றும் விதிக்கப்பட்டது. அதே வருஷத்தில் ஏற்பட்ட விவசாய உள்கட்டமைப்பு நிதியில் இரண்டு கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு நூற்றுக்கு 3 வட்டிச் சலுகை ஏழு வருஷம் வரை உண்டு. இவ்வகை உதவிகளுக்கெல்லாம் வாசற்கதவு யோசனைப் பத்திரமே.

அதைப் பணங்கொடுத்து வெளியாரிடம் எழுதி வாங்குகிறார்கள். இதில் தோஷமில்லை என்று சிலர் கூறுவர். ஆனால் வேறொரு ஜில்லாவின் பத்திரத்தில் ஊர்ப்பெயரை மாற்றி, வருஷம் முழுவதும் ஓடும் ஆறும் முப்போக நெல்லும் கமுதிக்கு உண்டென்று எழுதிக் கொடுத்ததை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். பாங்கி மானேஜர் அதை வாசித்துச் சிரித்திருப்பாரேயன்றிக் கடன் கொடுத்திரார். பத்திரத்தின் முதற்பக்கத்தை அங்கத்தினர்களே கூடியிருந்து எழுத வேண்டும்: இன்று என்ன விளைகிறது, யாரிடம் என்ன விலைக்கு விற்கிறோம், எந்த இடத்தில் நஷ்டம், கேட்கும் இயந்திரமோ கிடங்கோ வந்தால் அந்நஷ்டத்தில் எவ்வளவு மீளும், நமது சொந்தப் பங்கு எவ்வளவு, தவணை எந்த மாதத்தில் கட்டுவோம். மிளகாய்ப் பணம் மாசிக்கும் வைகாசிக்கும் இடையே வருமாயின், புரட்டாசியில் தவணை கட்டுவதாக எழுதுவது புத்தியன்று.

அபாயத்தையும் மறைக்காமல் எழுதுக. மழை தவறினால் என்ன, 2021ஆம் வருஷம் ஜனவரியில் போலப் பருவந்தவறிப் பெய்தால் என்ன என்று கேட்பவர் நிச்சயம் கேட்பார். ‘மழை பொய்த்த வருஷத்தில் கொள்முதல் பாதியாகும், அவ்வருஷம் கிடங்கின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டு வட்டியை மாத்திரம் கட்டுவோம்’ என்று எண்களோடு எழுதியவரின் பத்திரத்தில் அதிகாரிக்கு நம்பிக்கை பிறக்கும். எல்லா வருஷமும் லாபம் என்று எழுதியவரின் பத்திரம் மேஜையின் அடியில் போகும்.

தள்ளப்பட்டால்

டெண்டர் திறக்கும்போது நேரில் இருந்து, பிறர் எழுதிய விலைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த வருஷத்திற்கு இதைவிடச் சிறந்த பாடப்புத்தகம் கிடையாது. விலை குறைப்புப் பற்றிப் பேச்சு நடப்பதானால் சட்டப்படி குறைந்த விலை எழுதியவரோடு மாத்திரமே நடக்கலாம். இரண்டாமவரை அழைத்துப் பேசுவது முறையன்று. டெண்டரை ஏற்கும் அதிகாரியின் உத்தரவினால் பாதிக்கப்பட்டவர், அவ்வுத்தரவு கைக்குக் கிடைத்த பத்து நாளுக்குள் சர்க்காருக்கு அப்பீல் செய்துகொள்ளலாம். நாள் கணக்கு கிடைத்த தேதியிலிருந்து தொடங்குவதால், தபாலில் வந்த உத்தரவின் உறையைக் கிழித்தெறியாமல் அதன்மேல் தபால் முத்திரையும் பெற்ற தேதியும் தெரியும்படி கட்டில் சேர்த்து வைக்க வேண்டும். கணினியில் வந்ததானால் அன்றே அச்செடுத்து, சங்கத்துக் காரியதரிசி தேதியிட்டுக் கையொப்பமிடுவது நலம்.